நீச்சல் டீச்சர்

இல்லீங்க்கா, வெளியில மழையெல்லாம் ஒண்ணும் பெய்யல. என் தலைதான் ஈரம். உங்க சேலை மேல சொட்டிருச்சா? சித்த தள்ளி உட்காந்துக்கறேன். பஸ்ஸைப் புடிக்கிற அவசரத்துல துவட்டக்கூட நேரமில்ல, அப்படியே கொண்டை போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.

வாசமா? அது குளோரினுங்க. எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. மொதல்ல எனக்கே கொமட்டும். இப்ப ஒரு நாள் அந்த வாசம் இல்லேன்னா என்னமோ வெறிச்சுனு இருக்குது. அதுக்காகத் தண்ணி மேல எனக்குப் பிரியம்னு நெனச்சுக்காதீங்க. வேலைக்காகப் பழகினது, அவ்வளவுதான்.

ஈரோடு வரைக்குமா போறீங்க? நானும் அங்கதான். நான் அதிகம் பேசற ஆளு இல்லீங்க்கா, பஸ்ஸுல ஏறினா கம்முனு வருவேன். என்ன வேலைன்னு நீங்க கேட்டதனால சொல்றேன். கேக்கலியா? கேக்கற மாதிரி பாத்தீங்களே.

பேரு கலாமணி, ஊரு திருச்செங்கோடு. எங்க வீட்டுக்காரரு போர் வண்டியில இருக்கறாரு. ஆழ்குழாய் போடற லாரிங்க. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம்னு வடக்க போனா, அங்க மழை புடிச்சாத்தான் திரும்பி வருவாங்க. வீட்டுல நானும் எங்க அத்தையும்தான், அதாவது மாமியாரு. ஒரே பொண்ணு. அவளைப் போன வருசம் கோயமுத்தூர்ல காலேஜுல சேத்து, விடுதியில விட்டுட்டு வந்தோம். அன்னிக்குச் சாயந்திரம் நானும் அத்தையும் எதிரெதிரா உட்காந்து டி.வி. பாத்தோம். என்ன படம்னு கேட்டா ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. நாம எம்.ஏ. வரலாறு, பி.எட். முடிச்சவளாச்சே, அது பாட்டுக்குப் பெட்டிக்குள்ள கெடக்குதேன்னு.

நம்ம பக்கம் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? ஃபைலைத் தூக்கிட்டு ஒண்ணு விடாம ஏறி எறங்கினேன். எல்லாப் பக்கமும் ஒரே பேச்சுத்தான். வரலாறுக்கு ஆளுங்க வரிசையில நிக்கறாங்க மேடம், வேற என்ன தெரியும்னு கேப்பாங்க. வேற என்னத்தைச் சொல்றது? அசோகரைத் தெரியும், அக்பரைத் தெரியும், பானிபட்டுச் சண்டை மூணையும் தெரியும். அரிசியும் பருப்புஞ்சோறு நல்லா ஆக்குவேன்.

ஒரு பள்ளிக்கூடத்துல வயசான டீச்சரம்மா ஒருத்தங்க வாசல் வரைக்கும் கூட வந்து சொன்னாங்க, முழுநேர வேலையை இப்போதைக்கு மறந்துரு, பகுதிநேரமா உள்ள நுழைஞ்சுரு, அதுக்கு ஆளு கெடைக்காத பாடம் எதுன்னு பாத்து அதுல ஒரு சான்றிதழ் வாங்கி வெச்சுக்கன்னு. எனக்கு அது நல்லாப் புடிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்ததும் எந்தப் பாடத்துக்கு ஆளு கெடைக்கலேன்னு விசாரிக்க ஆரம்பிச்சேன்.

பிரெஞ்சுக்கு ரொம்பக் கிராக்கின்னாங்க. ஒரு வாரம் போனேன். தொண்டைக்குள்ள இருந்து ஒரு எழுத்தைக் காறி எடுக்கணுமாமா. வீட்டுல உட்காந்து விடாம பழகினேன். எங்க அத்தை எனக்கு நெஞ்சுச்சளின்னு நெனச்சு மொளகு ரசம் வெச்சுக் குடுத்துட்டாங்க. விட்டுட்டேன். கம்ப்யூட்டர்னாங்க. அந்த வகுப்புல என் பக்கத்துல உட்காந்திருந்தவ என் பொண்ணோட படிச்சவ, அவ என்னைப் பாத்துக் கூச்சப்பட, நான் அவளைப் பாத்துக் கூச்சப்பட, அதுவும் போச்சு. சிறப்புக் கல்வின்னாங்க, அது ரெண்டு வருசப் படிப்பு. நல்ல படிப்புதான், ஆனா எனக்கு அடுத்த ஜூனுக்குள்ள ஒரு வேலைக்குப் போயாகணும்னு வெறி புடிச்சுப் போச்சு. வீட்டுல அந்த டி.வி.யைப் பாக்கப் பாக்க வெறி ஏறிக்கிட்டே இருக்குது.

அப்பத்தான் சங்ககிரி ரோட்டுல இருக்கற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிரின்சிபாலு பேரு நல்லசாமி. நல்ல மனுசன், ஆனா எதைச் சொன்னாலும் தலையை இந்தப் பக்கமும் ஆட்டுவாரு, அந்தப் பக்கமும் ஆட்டுவாரு. ஆமான்றாரா இல்லேன்றாரான்னு கண்டுபுடிக்க முடியாது. அவரு என் ஃபைலைப் புரட்டிட்டு இருந்தப்ப நான் சன்னலுக்கு வெளியில பாத்தேன். ஒரு நீச்சல்குளம். நீலமா, ஒரு சுருக்கம் இல்லாம, இஸ்திரி போட்டு விரிச்சு வெச்ச மாதிரி கெடக்குது. ஒரு புள்ளையைக் காணோம்.

இது ஏனுங்க சார் சும்மா கெடக்குதுன்னு கேட்டேன். பசங்களுக்கு ஒரு மாஸ்டர் இருக்கறாரு, பொண்ணுங்களுக்குத்தான் ஆள் இல்லேன்னாரு. பெண் டீச்சர் இருந்தாத்தான் அனுப்புவோம்னு பெத்தவங்க சொல்றாங்களாமா. அதுவும் நீச்சல் சொல்லிக் குடுக்கறதுக்கும், ஆளை முழுகாம காப்பாத்தறதுக்கும் சான்றிதழ் வேணுமாமா. பகுதிநேர வேலை, ரெண்டு வருசமா விளம்பரம் குடுத்தும் ஒரு விண்ணப்பம்கூட வரலேன்னு தலையை ரெண்டு பக்கமும் ஆட்டினாரு.

ஒரு விண்ணப்பம்கூட வரல. அந்த வார்த்தை என் காதுல எப்படி விழுந்துச்சுன்னு சொல்லட்டுமா? கோயில் நோம்பிக்கு மத்தளம் அடிச்ச மாதிரி விழுந்துச்சு. இத்தனை நாளும் எங்க போனாலும் எனக்கு முன்னால வரிசை நின்னுச்சு. இங்க வரிசையே இல்ல, நான் ஒருத்திதான்.

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா மேடம்?” அவரு சும்மாதான் கேட்டாரு.

“தெரியாதுங்க சார். ஜூனுக்குள்ள கத்துக்கிட்டுச் சான்றிதழோட வர்றேன்.”

அவரு சிரிச்சாரு. அப்பறம் நான் சிரிக்கலேன்னு பாத்து நிறுத்திக்கிட்டாரு. வாங்க பாக்கலாம்னு தலையை ஆட்டினாரு, எந்தப் பக்கம்னு நான் பாக்கவே இல்ல.

இதுல ஒண்ணு உங்களுக்குச் சொல்லியாகணும். எங்க வீட்டுல தண்ணின்னாலே ஆகாது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி இருந்தாரு, பேரு குழந்தைவேலு. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாலயே, கல்குழியில தேங்கின தண்ணியில குளிக்கப் போயி முழுகிட்டாரு. காலேஜு படிக்கற வயசு. அதுக்கப்பறம் அந்த வீட்டுல யாரும் ஆத்துக்குப் போறதில்ல, கிணத்து மேட்டுக்குப் போறதில்ல. ஆடிப்பதினெட்டுக்குக் காவேரிக்குப் போகாத வீடு நம்ம பக்கம் எங்கயாவது இருக்குமா? எங்க வீடு போகாது. எங்க அத்தை தொட்டியில தண்ணி நிறையற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு வந்து குழாயை மூடிருவாங்க.

அப்ப அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொல்லல. சான்றிதழ் படிப்புக்குப் போறேன்னு மட்டும் சொன்னேன். அத்தைக்குக் கண்ணும் அவ்வளவாத் தெரியாது, காதும் மந்தம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுல நான் ரொம்ப சூதானமா இருந்தேனுங்க்கா.

ஊருக்கு வெளிய ஒரு தனியார் குளத்துல சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேட்டுட்டுப் போனேன். மிஸ்ஸு பேரு பியூலா. நாகர்கோயில் புள்ள, ஊதல் ஒண்ணைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கும். மாநில அளவுல நீந்தின புள்ளையாமா. வார்த்தையை அளந்துதான் பேசும். நான் என் கதையையெல்லாம் சொல்லி முடிச்சதும், “நாளைக்கு ஆறு மணிக்கு வாங்கக்கா”ன்னு மட்டும் சொல்லுச்சு.

போயிப் பாத்தா, புதுசா கத்துக்கறவங்க எல்லாம் ஒண்ணாங் கிளாசு, ரெண்டாங் கிளாசுப் புள்ளைங்க. அதுங்க நடுவுல நான். தலையில ரப்பர் தொப்பி, கண்ணுல தவளை மாதிரி கண்ணாடி, கணுக்கால் வரைக்கும் இறுக்கிப் புடிச்ச நீச்சல் உடுப்பு. நெலைக்கண்ணாடியில பாத்தப்ப யாரோன்னு நெனச்சு எனக்கே வணக்கம் சொல்லத் தோணுச்சு. இடுப்பளவுத் தண்ணிதான் அந்தப் பக்கம். புள்ளைங்களுக்குக் கழுத்து வரைக்கும் வரும், எனக்கு இடுப்பைத் தாண்டாது. கம்பியை நான் புடிச்ச புடி இருக்குதே, பியூலா வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துச்சு.

மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சு மூச்சை விடணும், குமுழி வரணும். புள்ளைங்க எல்லாம் குபுகுபுன்னு விடுதுங்க. நான் மூஞ்சியை வெச்ச வேகத்துல வெளியில எடுத்து, அத்தனை பேரு மேலயும் தும்மினேன். மூக்குக்குள்ள போன தண்ணி மண்டை வரைக்கும் போயிருச்சு. பக்கத்துல நின்ன ஒரு வாண்டு, பயப்படாதீங்க ஆண்ட்டி, குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுச்சு. அது நெறையக் குடிச்சிருக்கும் போல.

இப்படியே நாளு போகுது. புள்ளைங்க ஒவ்வொண்ணா ஆழமான பக்கத்துக்குப் போயிருச்சுங்க, அடுத்த கூட்டம் வந்துச்சு, அதுவும் போயிருச்சு. நான் மட்டும் கம்பியோட. பியூலா திட்டாது, அதுதான் எனக்குக் கோவம். திட்டினாலாவது அழுதுட்டு நின்னுருப்பேன். “நாளைக்குப் பாக்கலாம்க்கா.” இதுதான் தெனமும்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை அலசிக் கொல்லையில காயப்போடணும். நேராப் போட்டா தெரிஞ்சுருமல்லோ, அதனால கொடியில போட்டு மேல பழைய துண்டு ஒண்ணைப் போர்த்தி வெச்சுருவேன். சாயந்திரம் போயிப் பாத்தா துண்டு ஒரு பக்கம், உடுப்பு ஒரு பக்கம், நல்ல வெயில் படற எடத்துல திருப்பிப் போட்டுக் கெடக்கும். கொல்லையில அப்படிக் காத்து. ஒரு தடவை தோள்பட்டையில தையல் விட்டிருந்துச்சு, தைக்கணும் தைக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா தெச்சிருக்குது. நானே தெச்சுட்டு மறந்துருப்பேன். அத்தனை வெசனம் எனக்கு அப்ப. அத்தை பாவம், அவங்க பாட்டுக்கு நான் வர்ற நேரத்துக்கு சாம்பிராணியைப் போட்டு வெச்சுட்டு, தலையைக் காட்டு கண்ணு, பனிக்காலம்னு சொல்லுவாங்க. சித்திரையிலயும் பனிக்காலம்னுதான் சொன்னாங்க. வயசாச்சுல்லங்க.

இதெல்லாம் சொல்றேனே, அந்த நாளைச் சொல்லல பாருங்க.

அன்னிக்குப் பியூலா என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லுச்சு. தலைக்குக் கீழ ஒரு கை, இடுப்புக்குக் கீழ ஒரு கை. காதுக்குள்ள தண்ணி போனதும் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கிப் போச்சு. மேல வானம். நான் கூரையைப் பாத்துப் படுத்திருக்கேன், மரத்தடியில பாயைப் போட்டுப் படுத்திருக்கேன், ஆனா வானத்தைப் பாத்து அப்படிப் படுத்ததே இல்லீங்க. பியூலா வாய் அசையுது, என்ன சொல்லுதுன்னு கேக்கல. அப்பறம் பாத்தா அது ரெண்டு கையையும் தூக்கி எனக்குக் காட்டுது. ரெண்டு கையும் மேல இருக்குது. அப்ப என்னைப் புடிச்சிருக்கறது யாரு?

யாருமில்ல.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா முழுகிருவோம்னு தெரியுது, அடக்க முடியல. சிரிச்சேன், முழுகினேன், தண்ணியைக் குடிச்சேன், எந்திரிச்சேன், மறுபடியும் படுத்தேன், மறுபடியும் சிரிச்சேன். என் எடை எங்க போச்சுன்னே தெரியல. கல்யாணத்துக்கப்பறம் ஏறின எடை, புள்ளை பெத்து ஏறினது, எல்லாத்தையும் தண்ணி வாங்கிக்கிச்சு. பியூலா ஊதலை ஊதி, நேரம் ஆயிருச்சு வெளிய வாங்கன்னுச்சு. நான் கேக்காத மாதிரி மெதந்தேன். காதுலதான் தண்ணி இருந்துச்சே. அப்பறம் அடுத்த கூட்டத்துப் புள்ளைங்க வந்து எறங்கற வரைக்கும் அங்கயே கெடந்தேன். வேலைக்குப் பயிற்சி முக்கியமல்லோ.

அதுக்கப்பறம் மளமளன்னு வந்துருச்சுங்க. காலடிக்கறது, கை வீசறது, பக்கத்துல திரும்பி மூச்சு வாங்கறது. ஆழமான பக்கத்துல எறங்கின நாளு, கால் தரையைத் தேடுச்சு, தரை இல்ல. சரி, இல்லாட்டிப் போகுதுன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை குளம் லீவு. ஞாயித்துக்கிழமையே எனக்குப் புடிக்காம போச்சு.

வீட்டுக்காரரு தெனமும் போன் பண்ணுவாரு. சான்றிதழ் படிப்பு எப்படிப் போகுதுன்னு கேப்பாரு, ஆழமாப் போகுதுங்க மாமான்னு சொல்லுவேன். கஷ்டமான்னு கேப்பாரு, மூச்சு முட்டுதுங்கன்னு சொல்லுவேன். ஒரு வார்த்தை பொய் சொல்லல. அவரு பின்னால வண்டி எரையுற சத்தம் கேக்கும். கல்லு பாறையா வருது கலா, இன்னும் தண்ணி காட்டலேன்னு சலிச்சுக்குவாரு. நான் அந்தப் பக்கம் தலையைத் துவட்டிக்கிட்டே உச்சுக் கொட்டுவேன்.

தேர்வு சேலத்துல. வந்தவங்க எல்லாம் காலேஜுப் பசங்க, பொண்ணுங்க. என்னைப் பாத்து ஒரு தம்பி எந்திரிச்சு நின்னு, அம்மா, கூட வந்தவங்க அங்க உட்காரலாம்னு நாற்காலியைக் காட்டுச்சு. நான்தான் கண்ணு தேர்வு எழுதறேன்னு சொல்லிட்டு ரப்பர் தொப்பியை மாட்டினேன். நின்ன எடத்துலயே மெதக்கணும், செஞ்சேன். அடியில கெடக்கற கல்லை முங்கி எடுக்கணும், எடுத்தேன். கடைசியா, முழுகற ஆளை இழுத்துட்டு வந்து கரையில சேக்கணும். முழுகற மாதிரி நடிக்க ஒரு தாட்டியான புள்ளையை விட்டாங்க. அவ என்ன நடிப்புங்கறீங்க. என் கழுத்தைக் கட்டிக்கிட்டா, முடியைப் புடிச்சுக்கிட்டா. பியூலா சொல்லிக் குடுத்த மாதிரி புடியை விடுவிச்சு, அவளைத் திருப்பி, தாடையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையில நீந்தினேன்.

பாதி தூரத்துல எனக்குக் குழந்தைவேலு ஞாபகம் வந்துருச்சு. நான் அவரைப் பாத்ததுகூட இல்லீங்க, கூடத்துல மாட்டியிருக்கற போட்டோதான். மீசை அப்பத்தான் அரும்பின மூஞ்சி. எனக்குக் கொழுந்தன் முறை, ஆனா இப்ப பாத்தா என் மகனாட்டம் இருப்பாரு. இந்தப் புள்ளையை விடக் கூடாதுன்னு இழுத்தேன். கரைக்கு வந்து, போதும் விடுங்கன்னு அவங்க சொல்றாங்க, நான் அவளை விடவே இல்ல. மேல ஏத்தி உட்கார வெச்சு, கண்ணைத் துடைச்சு விட்டு, மூச்சு வருதா கண்ணுன்னு கேட்டேன். அவ நடிக்கறதை நிறுத்திட்டு என்னையே பாத்தா.

பாஸ். பியூலாவுக்குப் போன் பண்ணினேன்.  நீங்க ரெண்டு வாரத்துல ஓடிப்போயிருவீங்கன்னு நெனச்சேன்க்கான்னு சொல்லுச்சு. அது அத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசினது அன்னிக்குத்தான்.

ஜூன்ல போயி நல்லசாமி சார் முன்னால சான்றிதழை வெச்சேன். அவரு தலையை ஆட்டவே மறந்துட்டாரு.

மொத நாள் வகுப்பு. ஆறாங் கிளாசுப் பொண்ணுங்க ஒரு கூட்டம், எல்லாம் துண்டைப் போத்திக்கிட்டுச் சுவத்தோரமா நிக்குதுங்க. ஒருத்திக்குக் காது வலி, ஒருத்திக்குச் சளி, ஒருத்திக்கு முடி கொட்டிருமாமா, ஒருத்தி அம்மா வேண்டாம்னுட்டாங்களாமா. ஒண்ணுகூட எறங்கல. நான் நல்லாத் தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். மொகஞ்சதாரோவுல அந்தக் காலத்துலயே பெரிய குளியல்குளம் இருந்துச்சு, செங்கல்லு இப்படி அடுக்கினாங்க, படிக்கட்டு இப்படி வெச்சாங்கன்னு ஆரம்பிச்சேன். நல்ல விசயம்தானுங்க. ரெண்டு பேரு கொட்டாவி விட்டுட்டாங்க. படிக்கட்டைக் காட்டறதுக்குத் திரும்பினேன் பாருங்க, காலு வழுக்கிருச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அப்படியே தொபீர்னு உள்ள விழுந்தேன். தெறிச்ச தண்ணியில சுவத்தோரம் நின்ன அத்தனையும் நனைஞ்சு போச்சு.

மேல வந்து பாத்தேன். எல்லாக் கண்ணும் என் மேல. எனக்கு வேற அந்தப் பாழாப்போன சிரிப்பு. மெதந்துக்கிட்டே சிரிக்கறேன். கனிஷ்கான்னு ஒரு குட்டி, காது வலின்னு சொன்னவ, துண்டைக் கீழ போட்டுட்டு முன்னால வந்தா.

“மிஸ், மறுபடியும் பண்ணுங்க.”

விழுந்தேன்னு சொல்லலாமா? மறுபடியும் ஏறி மறுபடியும் பண்ணினேன். மூணாந் தடவை பண்ணறப்ப பாதிப் பேரு தண்ணிக்குள்ள இருந்தாங்க. அந்த மொகஞ்சதாரோப் பாடத்தை இன்னிக்கு வரைக்கும் முடிக்கல.

மழைக்காலம் வந்துச்சு, வண்டி திரும்புச்சு, வீட்டுக்காரரும் வந்தாரு. வந்த மறுநாளே என்னைப் பள்ளிக்கூடத்துல இறக்கி விடறேன்னு வண்டியை எடுத்தாரு. வேண்டாம்னா கேக்கல. வாசல்ல இறங்கறப்ப அந்தக் கனிஷ்கா ஓடி வந்து, மிஸ், இன்னிக்கு ஆழமான பக்கம் போலாம்னு சொன்னீங்கல்லன்னு கையைப் புடிச்சு இழுக்கறா. அவரு என்னைப் பாத்தாரு, என் பையைப் பாத்தாரு, பையில இருந்து எட்டிப் பாத்துட்டு இருந்த தொப்பியைப் பாத்தாரு. வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டாரு.

 சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். அவரு கூடத்துல உட்காந்திருந்தாரு, அத்தை பக்கத்துல. தம்பி போட்டோவுக்குக் கீழதான் ரெண்டு பேரும். இனி மறைக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலை போனாலும் போகுது, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல, என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு நின்னேன்.

 அத்தைதான் மொதல்ல வாயைத் தொறந்தாங்க.

“அந்தத் தோள்பட்டைத் தையலு விட்டுப் போகாம இருக்குதா கண்ணு? நூலு கொஞ்சம் மெலிசு.”

எந்தத் தையலைச் சொன்னாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கலீங்க்கா. அவங்களுக்கு விசயமே அன்னிக்குத்தான் தெரியும். நல்லவேளை, காது மந்தத்துல பாதி கேட்டிருக்காது, அதனால அதிர்ச்சி இல்லாம போச்சு.

அப்பறம் அவரு எந்திரிச்சு என் பக்கத்துல வந்தாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டு, “எனக்குச் சொல்லிக் குடுப்பியா?”ன்னு கேட்டாரு.

ஊரு ஊரா ஆயிரம் அடி தோண்டித் தண்ணி எடுத்துக் குடுக்கற மனுசனுங்க. முட்டியளவுத் தண்ணியிலகூட எறங்கினதில்ல. பியூலா மிஸ்ஸோட குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். கம்பியைப் புடிச்ச புடி இருக்குதே, ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன். தலைக்குக் கீழ ஒரு கை, இடுப்புக்குக் கீழ ஒரு கை. அவரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. நான் கையை எடுத்தப்ப அவருக்குத் தெரியல. தெரிஞ்சப்ப சிரிக்கல, அழுதாரு. தண்ணிக்குள்ள யாருக்குங்க தெரியுது? எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது.

தீபாவளி கழிஞ்சதும் நல்லசாமி சார் கூப்பிட்டாரு. வரலாறு டீச்சர் வேலையை விட்டுட்டுப் பெங்களூரு போறாங்களாமா, முழுநேர வேலை, நீங்கதான் எம்.ஏ.வாச்சே, உங்களுக்கே தர்றேன்னாரு. நெனச்சுப் பாருங்க, எந்த வேலைக்காக நான் ஊரெல்லாம் ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சேனோ அதே வேலை. ஒரு நாள் டைம் குடுங்க சார்னு சொல்லிட்டு வந்தேன். ராத்திரியெல்லாம் நல்லா ரோசிச்சேன். எதையும் உணர்ச்சிவசப்பட்டு முடிவு பண்ற ஆளு இல்ல நானு. சாக்பீஸ் தூசி எனக்கு ஒத்துக்காது. அப்பறம் வரலாறு வகுப்பு மூணாவது மாடியில, முட்டி வலி இருக்குது. அப்பறம் திருத்தற வேலை, கண்ணு போயிரும். நாலையும் யோசிச்சுப் பாத்து, பகுதிநேரமே போதும்னு மறுநாள் சொல்லிட்டேன்.

“முட்டி வலியா மேடம்?” அவரு கேட்டாரு. அப்ப நான் ஈரத்தலையோட நின்னேன், பொண்ணுங்களுக்கு ரிலே சொல்லிக் குடுத்துட்டு நேரா வந்திருந்தேன். ஆமாங்க சார், ரொம்ப நாளா இருக்குதுன்னேன். ரெண்டு பக்கமும் தலையை ஆட்டினாரு. வீட்டுக்காரருகிட்டயும் அதே காரணத்தைத்தான் சொன்னேன். அவருக்கு வெளங்கிருச்சு. வெளங்காம என்ன, ஏன் அப்படிச் சிரிச்சாருன்னுதான் எனக்குத் தெரியல.

இப்ப ஈரோட்டுல அடுத்த கட்டச் சான்றிதழுக்கு வகுப்பு நடக்குதுங்க. சனிக்கிழமை தோறும். இதை முடிச்சா போட்டிக்குப் புள்ளைங்களைத் தயார் பண்ணலாம், கனிஷ்காவை மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம். அதுக்கும் ஆளு பத்தலையாமா. இதுவும் வேலைக்காகத்தானுங்க. எனக்கென்ன, தண்ணியில கெடக்கணும்னு வேண்டுதலா? நாளைக்கே வேண்டாம்னா கம்முனு கரையேறி வந்துருவேன்.

ஏனுங்க்கா, பள்ளிபாளையம் தாண்டிருச்சா? அடுத்தது காவேரிப் பாலமா?

தப்பா நெனச்சுக்காதீங்க, பாலம் முடியற வரைக்கும் எனக்கு அந்தச் சன்னலோரம் தர்றீங்களா? இப்பத்தான் அணையில தண்ணி விட்டிருக்கறாங்களாமா, கரையைத் தொட்டுப் போகுதுன்னு சொன்னாங்க. முடிஞ்சதும் உங்க எடத்தை உங்களுக்கே குடுத்துருவேன். ஆமாங்க, என் பையை அப்படி மடியில வெச்சுக்குங்க. ரொம்ப நன்றிங்க.

அடேயப்பா. பாத்தீங்களா. எத்தனை அகலம்.

அந்தப் படித்துறையில எறங்கி, ஓட்டத்தோட சாஞ்சு போனா, இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்குது பாருங்க, அதுக்கு நேரா ஏறிறலாமுங்க்கா.